மேப்பிளும் கருமருதும்

லியோ ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். கிதார் செய்து உலகப்புகழ் அடைந்த பிறகும் அதைச் சுருதி சேர்க்கக்கூட அவர் கற்றுக்கொள்ளவில்லை என்பார்கள். நல்லதாகப் போயிற்று. வாசிக்கத் தெரிந்த ஒருவர் செய்திருந்தால் அது அவர் கைக்கு வாகான கிதாராக இருந்திருக்கும். தெரியாத காரணத்தால், கடைக்கு வந்த வாத்தியக்காரர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டுச் செய்தார். பலகையின் விளிம்பு விலாவில் குத்துகிறது என்றார்கள். பின்பக்கத்தைச் சரிவாகச் செதுக்கினார். முன்கை படியும் இடத்திலும் ஒரு சரிவு. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் அப்படிப் பிறந்தது. விலை 249 டாலர் 50 சென்ட். நெக்கைப் பாடியோடு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் முடுக்கிவிட்டார். கெட்டுப்போனால் கழற்றி வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம். வால்வு போனால் வால்வை மட்டும் மாற்றுகிற ஆளின் மூளை அது.

அந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் நெக் ஒரே துண்டு மேப்பிள் மரம். மேலே தனிப் பலகை கிடையாது. ஃபிரெட் கம்பிகளை நேராக அந்த மரத்திலேயே அறைந்து, மேலே லாக்கர் பூசிவிடுவார்கள். வாசிக்க வாசிக்க விரல் படும் இடத்தில் லாக்கர் தேயும். தேய்ந்த இடத்தில் வியர்வையும் அழுக்கும் இறங்கி, வெளிர்மஞ்சள் மரம் சாம்பல் பூத்துக் கறுக்கும். இன்று அந்தக் கறைக்காகவே பழைய கிதார்களுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள். புதுக் கிதாரில் கறையைச் செயற்கையாக உண்டாக்கி, அதற்குத் தனியாகக் காசு வாங்குவதும் நடக்கிறது. அன்று அது வெறும் அசிங்கம். 1958இல் வந்த ஜாஸ்மாஸ்டரில் நெக்கின் மேல் கருநிற ரோஸ்வுட் பலகை ஒன்றை ஒட்டினார்கள். அடுத்த ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கும் அது வந்தது. அழுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம்.

பின்னால் வந்தவர்கள் இதன்மேல் ஒரு சமயத்தையே கட்டிவிட்டார்கள். மேப்பிள் ஃபிரெட்போர்டு என்றால் பளிச்சென்று, சொடுக்கினாற்போல் ஒலிக்குமாம். ரோஸ்வுட் என்றால் முனை மழுங்கி, குழைவாக ஒலிக்குமாம். காஞ்சிபுரத்துக் கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று வழக்கு நீதிமன்றம்வரை போனதாகச் சொல்வார்களே, அதற்குக் குறையாத தீவிரம் இந்தச் சண்டையிலும் உண்டு. யானையைப் போலவே இங்கே கிதாரையும் யாரும் கேட்பதில்லை.

இந்த வழக்கு என் வீட்டுக்குள் வந்தது அக்கா மகள் வழியாக. பள்ளி நாட்களிலிருந்து அகூஸ்டிக் கிதார் வாசிப்பவள். இப்போது வேலையில் சேர்ந்து, சொந்தச் சம்பளத்தில் எலெக்ட்ரிக் கிதார் வாங்க வேண்டும் என்று, தானே அலசிப் பார்த்து இரண்டுக்குக் குறைத்துக்கொண்டு வந்தாள். இரண்டும் ஸ்குவையர் நிறுவனத்தின் கிளாசிக் வைப் வரிசை. ஒன்று ஐம்பதுகளின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் பாணி, மேப்பிள் ஃபிரெட்போர்டு. மற்றது அறுபதுகளின் பாணி, கருநிற ஃபிரெட்போர்டு. இரண்டிலும் மூன்று பிக்கப், ஐந்து நிலை சுவிட்ச், இருபத்தைந்தரை அங்குலத் தந்தி நீளம், ஒன்பதரை அங்குல வளைவு, ஒல்லியாக உயர்ந்த ஃபிரெட், ஒரே வடிவ நெக். விலையும் ஏறக்குறைய ஒன்றே.

"எதை எடுக்கட்டும் மாமா?"

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"ஒண்ணா இருக்கறதாலதானே கேக்கறேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஸ்ட்ராட்டோகாஸ்டரா, கிப்சன் லெஸ் பாலா என்று கேட்டிருந்தால் பேச விஷயம் இருந்திருக்கும். லெஸ் பாலின் தந்தி நீளம் முக்கால் அங்குலம் குறைவு. அதே சுருதிக்குத் தந்தி இளகி நிற்கும். நெக் பாடியோடு ஒட்டப்பட்டது. 1957லிருந்து அதில் இரட்டைச் சுருள் பிக்கப், அதாவது ஹம்பக்கர். செத் லவர் என்ற பொறியாளர் இரைச்சலை அடக்குவதற்காகச் செய்தது. கையில் எடுத்த சில நிமிடங்களிலேயே ஒருவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும் எந்த இசைக்காக வாங்குகிறீர்கள் என்று கேட்டுத் தீர்த்துவைக்கலாம். வேறுபாடு பெரிதாக இருக்கும்போது நாம் தேர்ந்தெடுப்பதில்லை, ஒதுங்கிக்கொள்கிறோம். வேறுபாடு மெலிந்துவிட்ட இடத்தில்தான் தேர்வு என்ற தொல்லையே முளைக்கிறது.

ஸ்குவையர் என்ற பெயரே ஒன்றுபோல் இன்னொன்று செய்த கதையிலிருந்து வந்ததுதான். எழுபதுகளின் இறுதியில் டோக்காய், கிரெக்கோ போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் ஃபெண்டர் கிதார்களைப் பார்த்துப் பார்த்துச் செய்து, பாதி விலைக்கு விற்றன. அந்தச் சமயத்தில் அமெரிக்க ஃபெண்டரின் தரம் சரிந்திருந்ததால், போலி அசலை மிஞ்சிவிட்டது என்ற பேச்சு எழுந்தது. ஃபெண்டர் செய்த பதில் சாமர்த்தியமானது. 1982இல், தான் முன்பே வாங்கிப் போட்டிருந்த ஒரு பழைய தந்தி நிறுவனத்தின் பெயரைத் தூசி தட்டி எடுத்து, ஜப்பானிலேயே ஃபுஜிஜென் தொழிற்சாலையில் தன் கிதாருக்குத் தானே நகல் செய்யத் தொடங்கியது. அந்த நகல்களும் இன்று கிடைத்தற்கரியவை. பிறகு உற்பத்தி கொரியாவுக்குப் போனது, சீனாவுக்குப் போனது. கிளாசிக் வைப் வரிசை 2008இல் சீனாவில் தொடங்கி, 2019லிருந்து இந்தோனேசியாவில் தயாராகிறது.

அங்கே ஆலைகளை நடத்துபவை பெரும்பாலும் கொரிய நிறுவனங்கள். கிதார் கடைச் சுவரில் வரிசையாகத் தொங்கும் வெவ்வேறு பெயர்களின் பின்னால் இருப்பவை சில கூரைகளே. சுரபாயாவில் உள்ள கோர்ட் நிறுவனத்தின் ஆலையில் அதன் சொந்தப் பெயரிலும் கிதார் செய்கிறார்கள், பால் ரீட் ஸ்மித்தின் எஸ்ஈ வரிசையையும் செய்கிறார்கள். இரண்டு நிறுவனங்களின் கிதாரை எதிரெதிரே வைத்து எது உசத்தி என்று மண்டையை உடைத்துக்கொள்ளும்போது, இரண்டையும் மணல்தாள் போட்டுத் தேய்த்தவர்கள் ஒரே வேனில் வேலைக்கு வந்து போகிறவர்களாக இருக்க வாய்ப்புண்டு. உற்பத்தி இப்படி இடம்பெயர்ந்ததற்கு ஒரு விலையும் இருந்தது. 2007இல் கோர்ட் தன் கொரிய ஆலைகளில் தொழிலாளர்களை வெளியேற்றியது. அவர்கள் நடத்திய போராட்டம் 2019இல்தான் உடன்பாட்டுக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள். ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவின் கிதார்க் கலைஞர் டாம் மொரெல்லோ அவர்களுக்காகக் குரல் கொடுத்தார். 'ஒரே தரம், குறைந்த விலை' என்று நாம் மகிழும் இடத்தில் இதுவும் கலந்திருக்கிறது. அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். "அப்போ ரெண்டையும் வாங்கக் கூடாதா?" என்றாள். அதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. எந்தக் கிதாரை எடுத்தாலும் இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் சமமாகவே விழுகிறது என்பதை மட்டும் சொல்ல முடிந்தது.

அறுபதுகளின் பாணியில் உள்ள அந்தக் கருநிறப் பலகை இப்போது ரோஸ்வுட் அல்ல. அதன் கதை நம் காடுகளை ஒட்டி வருகிறது. ஆரம்பத்தில் ஃபெண்டர் பயன்படுத்தியது பிரேசில் ரோஸ்வுட். அறுபதுகளின் பின்பாதியில் அது அரிதாகி, இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினார்கள். நீலகிரியிலும் ஆனைமலையிலும் குடகிலும் வளரும் நம் ஈட்டி மரம். ஊட்டிப் பக்கத்துப் பழைய பங்களாக்களில் மேசையாக, கட்டிலாக, கதவாகக் கிடக்கும் அதே மரம்தான் அந்தக் காலத்துக் கணக்கற்ற மேற்கத்தியப் பாட்டுகளில் விரலுக்கு அடியில் இருந்தது. பிரேசில் வகையை 1992இலேயே பன்னாட்டு வணிகத்துக்குத் தடைசெய்திருந்தார்கள். 2016இல் ஜொகனஸ்பர்க்கில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் மாநாடு, ஈட்டி உட்பட அந்தப் பேரினத்தின் எல்லா மரங்களையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கிதார் செய்பவர்கள் வெட்டியதால் அல்ல. காட்டைத் தின்றது சீனாவின் செம்மர அறைகலன் சந்தை. கிதாருக்கு வேண்டியது விரல் கனம்கூட இல்லாத ஒரு சீவல்தான். ஆனாலும் எல்லை தாண்டும் ஒவ்வொரு கிதாருக்கும் சான்றிதழ் எடுக்க வேண்டியதாயிற்று. நிறுவனங்கள் மரத்தை மாற்றின. மெக்சிகோவில் செய்யும் ஃபெண்டர்களுக்குத் தென் அமெரிக்காவின் பாவ் ஃபெரோ வந்தது. ஸ்குவையருக்கு வந்தது இந்தியன் லாரல், அதாவது கருமருது. முதலைத் தோல்போல் வெடித்த பட்டையோடு நம் இலையுதிர் காடுகளில் நிற்குமே, அந்த மரம். உத்தரமாகவும் கதவு நிலையாகவும் போட்டுப் பழகிய மரம். 2019இல் சைட்டிஸின் ஜெனீவா மாநாடு செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளித்தது. ஆனால் ஸ்குவையரின் அந்த வரிசையில் கருமருதே நிலைத்துவிட்டது.

ஆக அவள் முன்னால் தொங்கியது அறுபதுகளின் கிதார் என்றால், அறுபதுகளின் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இல்லாத மரத்தோடு கூடிய அறுபதுகள். வாங்குகிறவர்கள் பலருக்கு இதில் வருத்தம் உண்டு. பழுப்பு வெளுத்திருக்கிறது, மரத்துளை பெரிதாக இருக்கிறது, ரோஸ்வுட்டின் எண்ணெய்ப் பசை இல்லை, வறண்டு கிடக்கிறது என்பார்கள். இந்தப் புகார்கள் உண்மை. வருடத்துக்கு இரண்டு முறை கொஞ்சம் எலுமிச்சை எண்ணெய் தடவினால் பலகை கறுத்து அடங்கிவிடும் என்பதும் உண்மை. சென்னையின் கடற்காற்றிலும் வியர்வையிலும் தந்தி துருப்பிடிக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு பராமரிப்பே அல்ல. மேப்பிளுக்கு எண்ணெய் வேண்டாம், துடைத்தால் போதும். ஆனால் ஏப்ரல் மாதத்தில் ஏசி இல்லாத அறையில் பளபளக்கும் லாக்கர் கையைப் பிடித்து இழுப்பது போலிருக்கும். வடநாட்டுக் குளிரிலோ கலிஃபோர்னியா வெயிலிலோ இருப்பவர் எழுதும் விமர்சனத்தில் இது வராது.

சரி, ஒலி? எலெக்ட்ரிக் கிதாரின் பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய மயிரிழைச் செம்புக் கம்பியும். கேட்பது எஃகுத் தந்தியின் அசைவை மட்டுமே. மரம் தந்தியின் அசைவை எவ்வளவு மாற்றுகிறது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அதிலும் ஃபிரெட்போர்டு என்ற மெல்லிய மேற்பலகையின் பங்கு என்ன என்பது வழக்கின் ஒரு கிளை வழக்கு. அகூஸ்டிக் கிதாரில் மரத்தின் செல்வாக்கு இதைவிட வெளிப்படையாக இருக்க வேண்டும். அதையே இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் சோதித்துப் பார்த்தார்கள். பின்பலகை, பக்கப்பலகை மரம் தவிர மற்றதெல்லாம் ஒன்றாக ஆறு கிதார்கள். பிரேசில் ரோஸ்வுட்டும் நம் ஈட்டியும் மேப்பிளும் அந்த ஆறில் இருந்தன. 52 கிதார்க் கலைஞர்கள் எது எந்த மரம் என்று தெரியாமல் வாசித்து மதிப்பெண் போட்டார்கள். 2018இல் முடிவு வெளியானது. விலை உயர்ந்த மரம், மலிவான மரம் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண். அங்கேயே அப்படியென்றால், மின்சாரமும் ஆம்பிளிஃபயரும் நடுவில் புகுந்த பிறகு, ஃபிரெட்போர்டின் நிறத்தைக் காதால் கண்டுபிடிக்கிறேன் என்பவரிடம் நான் வாதாடுவதில்லை. அவர் பொய் சொல்லவில்லை. கண்ணும் விரலும் கேட்டதைக் காதின் கணக்கில் எழுதிவைக்கிறார், அவ்வளவுதான்.

இரண்டிலும் பொதுவான இன்னொன்று: இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்கப் சுவருக்குள் ஓடும் மின்சாரத்தையும் கேட்கும். அமெரிக்காவில் அது அறுபது ஹெர்ட்ஸில் முனகும், இங்கே ஐம்பதில். தம்பூரா போட்டுக்கொண்டு வாசிப்பவருக்கு இது ஒரு கெட்ட தம்பூரா. இன்றைய பல ஸ்ட்ராட்டோகாஸ்டர்களில் நடு பிக்கப்பை எதிர்த்திசையில் சுற்றி, சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் இரைச்சலை ரத்து செய்கிறார்கள். அந்த நிலைகளே முதலில் கிடையாது. லியோ மூன்று நிலைதான் வைத்தார். வாசித்தவர்கள் சுவிட்சை இடையில் நிறுத்திவைத்து இரண்டு பிக்கப் கலந்த அந்த மூக்கொலியைக் கண்டுபிடித்தார்கள். நிறுவனம் ஐந்து நிலை சுவிட்சைக் கொடுத்தது 1977இல். இருபத்து மூன்று வருடம் எடுத்துக்கொண்டார்கள், ஊரே செய்துகொண்டிருந்ததைச் செய்ய.

கடைக்குப் போனோம். சென்னையில் எலெக்ட்ரிக் கிதாரை ஆம்ப்பில் மாட்டி நிதானமாக வாசிக்க விடும் கடைகள் குறைவு. இந்தக் கடையில் விட்டார்கள். மேப்பிளை எடுத்து வாசித்தாள். பிறகு கருமருது. பிறகு மறுபடி மேப்பிள். "இதுதான் மாமா, இதுல உயிர் இருக்கு" என்றாள். எனக்கும் அப்படித்தான் கேட்டது. ஓரத்தில் வேறொரு கிதாருக்குத் தந்தி மாற்றிக்கொண்டிருந்த டெக்னீஷியன் தலையைத் தூக்காமலேயே சொன்னார்: "அதுல பிக்கப் மேல ஏறியிருக்குங்க."

அவ்வளவுதான் விஷயம். பிக்கப்பின் இரு பக்கமும் உள்ள திருகாணியை முடுக்கினால் அது தந்தியை நெருங்கும். நெருங்கினால் சத்தம் கூடும். சத்தம் ஒரு பிடி கூடியதை நம் காது 'நன்றாக இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளும். உலகம் முழுக்க ஒலிக்கருவி விற்பவர்கள் அறிந்த பழைய ரகசியம் இது. மிக நெருங்கினால் காந்தம் தந்தியையே இழுத்து சுருதியைக் கலைக்கும் என்பது வேறு. ஃபெண்டர் தன் கையேட்டில் சொல்லும் அளவு: பழைய பாணி பிக்கப்புக்குத் தடித்த தந்திப் பக்கம் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய தந்திப் பக்கம் 2 மில்லிமீட்டர் இடைவெளி. பதினேழாம் ஃபிரெட்டில் தந்தியின் உயரம் (ஆக்‌ஷன்) 1.6 மில்லிமீட்டர். நெக்கின் நீளவாட்டு வளைவு கால் மில்லிமீட்டர். கடையில் நாம் 'குணம்' என்று உணர்வதில் பெரும்பங்கு இந்த மில்லிமீட்டர் பின்னங்களில் இருக்கிறது. ஆலையில் ஒருவர் ஆலன் கீயைத் திருகிய விதம், கப்பலில் வந்த ஈரம், கடையில் யாரோ ஒரு வாடிக்கையாளர் நோண்டிவிட்டுப் போனது, தந்தி புதிதா பழையதா என்பது. இரண்டு கிதார்களை ஒப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு பேர் கடைசியாக வைத்த திருகாணிகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

டெக்னீஷியன் நல்ல மனிதர். கூட்டம் இல்லாத மதியம் வேறு. இரண்டுக்கும் ஒரே செட் தந்தி மாட்டி, ஆக்‌ஷனையும் பிக்கப்பையும் ஒரே அளவில் வைத்துக் கொடுத்தார். எந்தக் கடையிலும் இதை உரிமையாகக் கேட்க முடியாது. ஆனால் காசு கொடுத்தாவது செய்துகொள்ள வேண்டியது இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். மரத்தைப் பற்றிப் படிக்கும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவிட்டால் போதும்.

ஒரே அளவில் வைத்த பிறகு, உயிர் போய்விட்டது. அதாவது இரண்டிலும் ஒரே அளவு உயிர் இருந்தது.

இந்த இடத்தில் எரிக் கிளாப்டன் நினைவுக்கு வருவார். 1970இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஒரு கடையில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் சல்லிசாகக் கிடைக்க, ஆறை அள்ளிக்கொண்டு வந்தார். ஜார்ஜ் ஹாரிசனுக்கு ஒன்று, பீட் டவுன்ஷெண்டுக்கு ஒன்று, ஸ்டீவ் வின்வுட்டுக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டு, மிஞ்சிய மூன்றைக் கழற்றினார். ஒன்றின் பாடி, ஒன்றின் நெக், ஒன்றின் பிக்கப் என்று நல்லதை நல்லதோடு சேர்த்து முடுக்கியதுதான் 'பிளாக்கி' என்ற அவருடைய கறுப்புக் கிதார். 2004இல் ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது. எது சிறந்தது என்று அவர் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியத்தையே திருப்புளியால் கழற்றிவிட்டார். டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கும் காலப்போக்கில் நெக் பலமுறை மாறியது. மேப்பிள் இருந்தது, ரோஸ்வுட் இருந்தது. ஆனாலும் கேட்டவர்கள் எல்லாருக்கும் அது கில்மோரின் அதே கிதார். ரேடியோக்காரர் வைத்த நான்கு திருகாணிகள், 'இந்தக் கிதார்' என்று சுட்டிக்காட்டும் விரலையே கொஞ்சம் தளர்த்திவிட்டன. நமக்கு ஆறு வாங்க வசதி இல்லை. இருந்தாலும், எடுத்த கிதாரின் நெக் பிடிக்காவிட்டால் வேறு நெக் போட்டுக்கொள்ளலாம் என்பது இந்தத் தேர்வில் உள்ள பயத்தின் பாதியைக் குறைக்க வேண்டும். குறைப்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

அந்தப் பயம் எதன்மேல்? பின்னால் வருந்துவோமோ என்பதன்மேல். இதைப் பற்றி உளவியலில் ஒரு பழைய சோதனை உண்டு. 1956இல் ஜாக் பிரெம் என்பவர் பெண்களிடம் வீட்டு உபயோகப் பொருட்களைக் காட்டி, எது எவ்வளவு பிடிக்கிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார். பிறகு அவற்றில் இரண்டைக் காட்டி, ஒன்றைப் பரிசாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுத்துக்கொண்ட பிறகு மீண்டும் மதிப்பெண் போடச் சொன்னபோது, எடுத்ததன் மதிப்பு ஏறியிருந்தது, விட்டதன் மதிப்பு இறங்கியிருந்தது. இரண்டும் ஏறத்தாழ சமமாகப் பிடித்திருந்தவர்களிடம் இந்த ஏற்ற இறக்கம் அதிகம். தராசு சமமாக நின்ற இடத்தில்தான் மனம் பின்னால் வந்து அதிகமாகக் கையை வைத்து அழுத்துகிறது. மேப்பிள்காரர்களும் ரோஸ்வுட்காரர்களும் இவ்வளவு ஆவேசமாகப் பேசுவது ஏன் என்பது எனக்கு இதைப் படித்த பிறகு விளங்கியது. அவர்கள் சொல்லும் காரணங்களில் பல, வாங்கிய பிறகு பிறந்தவை. அதனால் அவை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பளிச்சென்று ஒலிக்கும் கிதார் நம்முடையது என்று நம்புகிறவர், மீட்டும் கையைக் கொஞ்சம் பாலத்தின் பக்கம் நகர்த்திப் பளிச்சென்றுதான் வாசிப்பார். காரணம் பின்னால் வந்தாலும் வேலை செய்கிறது.

நிறத்தை இவர்கள் யாரும் காரணமாகச் சொல்வதில்லை. சொல்ல வெட்கம். எனக்கு அது முறையான காரணமாகவே படுகிறது. ஃபெண்டர் தன் புகழ்பெற்ற நிறங்களைக் கார் பெயிண்ட் டப்பாவிலிருந்து எடுத்தது. பார்த்ததும் கையில் எடுக்கத் தோன்றும் கிதார், ஒலி அளவில் சமமான இன்னொன்றைவிட அதிக நேரம் வாசிக்கப்படும்.

அவளுக்கு ஒரு தனித் தேவை இருந்தது. சின்ன வயதில் பாட்டு கற்றவள். கிதாரில் கமகம் வர வேண்டும் என்று ஆசை. மின்சாரம் பாய்ந்த தந்திக் கருவியில் கர்நாடக சங்கீதம் சாத்தியம் என்பதை மாண்டலின் ஸ்ரீநிவாஸ் நிரூபித்து நாளாயிற்று; கிதாரில் பிரசன்னா வாசிப்பதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அவளுடையது. ஃபிரெட் வைத்த கருவியில் கமகத்துக்கு இரண்டு வழி. ஒன்று, விரலைத் தந்தியின் நீளத்தில் வழுக்குவது. மற்றது, தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து மேல் ஸ்வரத்தைத் தொட்டுத் திரும்புவது. இழுக்கும்போது விரல் நுனி மரத்தில் உரசினால் தடை. ஷக்தி குழுவுக்காக ஜான் மெக்லாக்லின் தன் அகூஸ்டிக் கிதாரின் ஃபிரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியது இதற்காகத்தான். விரல் மரத்தையே தொடாது. இப்படிப் பார்த்தால் கமகத்துக்கு முக்கியம் ஃபிரெட்டின் உயரம். அடுத்தது பலகையின் வளைவு. ஐம்பதுகளின் அசல் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வளைவு ஏழேகால் அங்குலம். மேல் ஸ்தாயியில் தந்தியை அதிகம் இழுத்தால் அடுத்த ஃபிரெட்டில் இடித்துச் செத்துவிடும். இந்த இரண்டு கிதாரிலும் வளைவு ஒன்பதரை, அதாவது பலகை இன்னும் தட்டை; ஃபிரெட்டும் உயரம். விரல் மரத்தை லேசாகத்தான் தொடுகிறது. அவளுக்கு மிக முக்கியமான விஷயத்தில், மேப்பிளா கருமருதா என்ற கேள்வி விரலுக்குக் கீழே கிட்டத்தட்ட காணாமல் போனது.

அப்புறம் எதை வைத்து முடிவு செய்தாள்? வாரைத் தோளில் மாட்டி, நின்றுகொண்டு வாசித்தாள். கடையில் எல்லாரும் ஸ்டூலில் உட்கார்ந்து, கிதாரைத் தொடையில் வைத்துத்தான் வாசித்துப் பார்க்கிறார்கள். மேடையில் அப்படியில்லை. நின்றபோது ஒன்று தோளை அதிகமாக இழுத்தது. கடையில் பார்சலுக்கு வைத்திருந்த தராசில் போட்டுப் பார்த்தோம். ஒன்று மூன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் கூட, மற்றது கணிசமாகக் குறைவு. இது மாடலின் குணம் அல்ல. அதே மாடலில் அடுத்த பெட்டியைப் பிரித்திருந்தால் தலைகீழாக இருந்திருக்கலாம். ஒரே பெயருள்ள இரண்டு கிதார்களுக்கு இடையே, வேறு பெயருள்ள இரண்டுக்கு இடையே இருப்பதைவிட அதிக வேறுபாடு இருக்க முடியும். எடையைப் பெரும்பாலான விளம்பரங்களில் போட மாட்டார்கள், ஏனென்றால் மரத்துக்கு அவர்கள் உறுதிகொடுக்க முடியாது. இலகுவாக இருந்தது கருமருது. அதை எடுத்துக்கொண்டாள்.

இப்போது அவள் அதன் குழைவைப் பற்றிப் பேசுகிறாள். மேப்பிள் கொஞ்சம் காதைக் குத்தியது என்கிறாள். அன்று கடையில் எனக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவள் வாசிப்பில் குழைவு வந்திருப்பது கேட்கிறது. போன வாரம் வந்திருந்தபோது இரண்டாவது கிதாரைப் பற்றிப் பேச்செடுத்தாள். மேப்பிள் ஸ்ட்ராட்டோகாஸ்டர்தானே என்றேன். சிரித்தாள்.

"அது எதுக்கு மாமா, ரெண்டும் ஒண்ணுதானே? ஹம்பக்கர் வச்ச லெஸ் பால் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்."